அக்காவின் குரலைக் கட்டிப்போட்ட பெட்டி

அக்காவுக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றுதான் நான் முதலில் நம்பினேன். நம்பினேன் என்று சொல்வதுகூடக் குறைவு. கற்பூரம் ஏற்றினேன், கழுத்தில் தாயத்துக் கட்டிக்கொண்டேன், ஒரு கேசட்டை எலுமிச்சம்பழத்தோடு சேர்த்து லிங்கி ஆற்றில் விட்டேன். அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரியும். மீதிப் பேர் என்னிடம் கேட்கக் கூச்சப்பட்டு என் மனைவி சரோஜாவிடம் கேட்டிருப்பீர்கள். அவள் சொன்ன கதையில் நான் கோமாளி. நான் சொல்லப்போகும் கதையிலும் கோமாளிதான். ஆனால் இதில் அக்கா கொஞ்சம் கூடுதலாக வருவார்.

அக்கா பிறந்தது மலேசியாவின் மலாக்கா மாநிலத்தில், ரெம்பியாவை ஒட்டிய ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில். அப்பா பால்மரம் சீவினார். அம்மா களை எடுத்தார். பிள்ளைகளில் அக்கா மூத்தவர், நான் கடைசி. நடுவில் பிறந்தவர்கள் கெடா, ஜொகூர் என்று பிழைப்புத் தேடிப் போய்விட்டார்கள். அக்கா தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தார். மேலே படிக்க ஆசை இருந்தது. தோட்டத்துக்குள் பஸ் வரவில்லை. அதனால் அம்மாவோடு களை எடுக்கப் போனார். பிறகு மலாக்காவில் சட்டை தைக்கும் தொழிற்சாலைக்கு வேன் ஏறினார். அத்தான் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர், நல்ல மனிதர். குழந்தை இல்லை என்று யாராவது அக்காவிடம் துக்கம் விசாரித்தால், "இருக்கானே எங்க வீட்டுக் கடைக்குட்டி, அவன் ஒருத்தன் பத்தாதா?" என்று என்னைக் காட்டிவிடுவார். அத்தான் நெஞ்சுவலியில் போனபின் ரெம்பியாவில் தாமான் எனும் குடியிருப்பு வீட்டில் அக்கா தனியாக இருந்தார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்தார்.

அக்காவிடம் ஒரு குணம் உண்டு. எதையும் கேட்கமாட்டார். உதவி கேட்கமாட்டார், வழி கேட்கமாட்டார், சாப்பாட்டில் உப்பு குறைந்தால் உப்பைக் கூடக் கேட்கமாட்டார். இதை நல்ல குணம் என்று ஊரே புகழ்ந்தது. எனக்கு மட்டும் அதில் எப்போதும் ஒரு சந்தேகம். கேட்காத ஆள் எதை மறைக்கிறார் என்று எப்படித் தெரியும்?

மறைத்தது என்ன என்பது என் மகனுக்குக் காது குத்திய விருந்தில் தெரிந்தது. சித்தப்பாவின் கிண்ணத்தில் ஊற்றவேண்டிய பாயசத்தை அக்கா சித்தப்பாவின் மடியில் ஊற்றினார். பந்தியே சிரித்தது. சித்தப்பா துள்ளிய துள்ளலில் நானும் சிரித்தேன். அக்காவும் சிரித்தார். ஆனால் அடுத்த இலைக்குப் போகும்போது அவர் இடது கையால் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே நகர்ந்ததைச் சரோஜா பார்த்துவிட்டாள்.

மலாக்கா மருத்துவமனையில் டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் கூடிக் கூடி நரம்பு செத்துவிட்டது. போன பார்வை போனதுதான். மிச்சம் இருப்பதும் சீக்கிரம் போய்விடும்.

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சுங்கை ஊடாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ஒப்பந்தக்காரரிடம் சாரம் கட்டும் வேலை எனக்கு. தென்னைமர உயரத்தில் குழாய்மேல் நின்று சினிமாப் பாட்டுப் பாடுவேன். வீட்டில் கரப்பான் பூச்சி பறந்தால் கட்டிலில் ஏறிவிடுவேன். டாக்டர் சொன்ன நிமிடத்திலிருந்து எனக்குக் கரப்பான் பூச்சி பறந்துகொண்டே இருந்தது. அடுப்பு, கிணறு, பாம்பு, மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற பையன்கள் என்று அக்காவுக்கு வரப்போகிற ஆபத்தையெல்லாம் நானே கற்பனை செய்து நானே பயந்தேன். ரெம்பியாவில் கிணறே இல்லை என்று சரோஜா நினைவுபடுத்தினாள். என் வீட்டுப் பின்னறையைக் காலி செய்து கட்டில் போட்டேன்.

"கிளம்புக்கா. இனிமே நீ எங்க வீட்டுலதான்."

"பாப்போம்," என்றார் அக்கா.

எங்கள் குடும்பத்தில் 'பாப்போம்' என்றால் 'மாட்டேன்' என்று பொருள்.

அதன்பின் அக்காவின் வீட்டில் ஒவ்வொன்றாக மர்மங்கள் முளைத்தன. சமையலறை டின்களில் நூல் கட்டியிருந்தது. ஒன்றில் ஒரு முடிச்சு, இன்னொன்றில் இரண்டு. அலமாரிக்குள் கெட்டியான அட்டைத் தாள்கள். தாள் முழுக்க ஊசியால் குத்திய புள்ளிகள். பக்கத்தில் பிடி வைத்த ஒரு சின்ன ஊசி. முடிச்சு, ஊசி, குத்து. இதையெல்லாம் பார்த்தால் தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு என்ன தோன்றும்? எனக்கும் அதுதான் தோன்றியது.

ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து நேரே அங்கே போனேன். கூடத்தில் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முழுக்கை வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, மடியில் நாலாக மடித்த ஒரு வெள்ளைத் தடி. மேசைமேல் துண்டு போட்டு மூடிய ஒரு பெட்டி. நான் வாசலில் செருப்பைக் கழற்றினேன். வாயே திறக்கவில்லை.

"வாங்கோ தம்பி. இரும்புச் சாரத்தில இருந்து நேரா இறங்கி வாறியள் போல," என்றார்.

கழற்றிய செருப்பை மறுபடி மாட்டப் போனேன். அக்கா சிரித்தார். "தெருமுனையிலேயே ஒன் சட்டை வாடை வந்துருச்சுடா. இவரு அருளப்பு மாஸ்டர். தெரிஞ்சவரு."

"எப்படிக்கா தெரிஞ்சவரு?"

"தெரிஞ்சவருன்னா தெரிஞ்சவருதான். ஒக்காரு, தேத்தண்ணி போடுறேன்."

மாஸ்டர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். சட்டைக் காலருக்குள் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. அவருக்கும் பார்வை இல்லை என்று அக்கா சொன்னார். சொன்னால் போதுமா? அவர் முகத்துக்கு முன்னால் என் கையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தேன்.

"விசிறினது போதும் தம்பி. மேல ஃபேன் ஓடுது," என்றார்.

பிறகு அவர் கைக்கடிகாரத்தின் மூடியைத் திறந்து, முள்ளைத் தடவிப் பார்த்து, "பஸ் வாற நேரம்" என்று எழுந்தார். பார்வை இல்லாதவருக்குக் கைக்கடிகாரம்! தடியை ஒரு உதறு உதறினார். அது சடசடவென்று நீண்டு நின்றது. நான் நாற்காலிக்குப் பின்னால் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் சரோஜா, "என்னங்க, அண்ணிய மதம் மாத்திடுவாங்களோ?" என்றாள். என் கணிப்பு மந்திரவாதி. ஒரே மனிதரை வைத்து ஒரே வீட்டில் இரண்டு சந்தேகம். கணவன் மனைவி கருத்து வேறுபடலாம் என்று இருவரும் சமாதானமானோம்.

அடுத்த முறை போனபோது அக்கா குளித்துக்கொண்டிருந்தார். துண்டைத் தூக்கிப் பார்த்தேன். சாப்பாட்டுத் தூக்கைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. கட்டைவிரல் பருமனுக்குப் பொத்தான்கள், எதற்கென்று தெரியாத நெம்புகோல்கள், உள்ளே ஒரு கேசட். கேசட்டை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். துண்டைப் பழையபடி மூடினேன். வந்தவன் தேத்தண்ணி குடிக்காமல் போனதுதான் அக்காவுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும்.

எங்கள் வீட்டுக் கேசட் ரேடியோவில் அதைப் போட்டேன். ஐயோ, அந்தச் சத்தம்! இடது பக்க ஒலிபெருக்கியில் அக்காவின் குரல். ஆனால் பால் குடிக்கிற பிள்ளையின் தொண்டையில் புகுந்துகொண்டு கீச்கீச்சென்று ஓடுகிறது. வலது பக்கம் ஓர் ஆண். அவன் பேசுவது தமிழும் இல்லை, மலாயும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் வாலில் தொடங்கித் தலையில் முடிவதுபோல் உள்ளே உறிஞ்சி உறிஞ்சிப் பேசினான். சரோஜா அகப்பையோடு வாசலுக்கு ஓடினாள். அவளுக்கு முன்னால் நான் வாசலில் இருந்தேன்.

தோட்டத்து முனியாண்டி கோயில் பூசாரி மாமாவிடம் கொண்டு போனேன். அவரும் தம் ரேடியோவில் போட்டுக் கண்ணை மூடிக் கேட்டார்.

"கட்டு போட்டிருக்குப்பா," என்றார். "பொம்பளக் கொரலு சின்னப் புள்ளயா சுருங்கிப் போச்சு பாத்தியா? அந்த ஆம்பள மந்திரத்தப் பின்னாலேருந்து ஓதுறான். கொரலக் கட்டிட்டானுங்க. அடுத்தது ஆளத்தான்."

"அலாமாக், ஐயோ! என்ன செய்றது மாமா?"

"ஓடுற தண்ணியில விடுலா. பழத்தோட விடு. திரும்பிப் பாக்காம வந்துரு."

லூபோக் சீனா என்ற ஊர்ப்பக்கம் போய்ப் பாலத்திலிருந்து ஆற்றில் விட்டேன். திரும்பிப் பார்க்காமல் மோட்டார் சைக்கிளைத் திருப்பியதில், பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே என்னையும் என் பரம்பரையையும் வாழ்த்திவிட்டுப் போனான்.

அங்கிருந்து பூசாரி மாமா கொடுத்த திருநீற்றுப் பொட்டலத்தோடு நேரே ரெம்பியாவுக்கு. வெற்றி வீரனாக உள்ளே நுழைந்தேன். மாஸ்டர் நாற்காலியில் இருந்தார். அக்கா தரையில் முழந்தாளிட்டுக் கட்டிலுக்கடியில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். மேசை இழுப்பறைகள் எல்லாம் வெளியே கிடந்தன. அக்காவின் தலைமுடியில் ஒட்டடை.

"வந்துட்டியாடா? இந்தப் பெட்டியில இருந்த கேசட்டப் பாத்தியா? காலையிலேருந்து தேடுறேன்."

"எதுக்குக்கா அது?"

மாஸ்டர்தான் சொன்னார். கோலாலம்பூரில் பார்வை இல்லாதவர்களுக்குத் தொலைபேசி இயக்குநர் பயிற்சி தருகிறார்கள். தங்கும் இடமும் உண்டு. சேர விரும்புகிறவர் ஃபோனில் எப்படிப் பேசுவார் என்று பதிவு செய்து அனுப்பவேண்டும். அக்கா வாரக்கணக்காகப் பழகி, மலாயிலும் ஆங்கிலத்திலும் பேசிப் பதிந்து வைத்திருந்தார். "நாளைக்குக் காலமை நான் அதைக் கொண்டுபோய்க் குடுக்கவேணும் தம்பி. இந்த முறை விட்டா தங்கச்சிக்கு வயசு கடந்திடும். பிறகு எடுக்கமாட்டினம்."

திருநீற்றுப் பொட்டலத்தைச் சட்டைப்பைக்குள் திணித்தேன்.

"ஆத்துல இருக்கு," என்றேன்.

"என்னது?"

"கேசட்டு. லிங்கி ஆத்துல."

"ஆத்துல எப்படிடா விழுந்துச்சு?"

"விழலக்கா. நான்தான் விட்டேன். எலுமிச்சம்பழத்தோட."

அக்கா தரையிலிருந்து எழுந்து தலையில் இருந்த ஒட்டடையைத் தட்டினார். பிறகு மாஸ்டர் மிகவும் மரியாதையாக, "எலுமிச்சம்பழம் எதுக்குத் தம்பி?" என்று கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். கீச்சுக் குரல், பின்னால் பேசும் ஆண், பூசாரி மாமா, கட்டு. மாஸ்டர் தம் பையிலிருந்து வேறொரு கேசட்டை எடுத்துப் பெட்டியில் போட்டு ஒரு நெம்புகோலைத் தள்ளினார். நிதானமான ஆண் குரல் ஆங்கிலப் பாடம் நடத்தியது. "பார்வை இல்லாத ஆக்களுக்கு ஒரு நாடாவில நிறையப் பாடம் அடங்கவேணும். அதால பாதி வேகத்தில, நாலு வரியாப் பதியிறது. சாதாரண ரேடியோவில போட்டா ஒரு வரி இரட்டை வேகத்தில ஓடும். பக்கத்து வரி எதிர்ப்பக்கம் பதிஞ்சது, அது பின்பக்கமா ஓடும். ஒண்டு தங்கச்சி பேசினது. மற்றது நான் நடத்தின பாடம்."

அதாவது அந்த மந்திரவாதி எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் ஓதிய மந்திரம் ஆங்கில இலக்கணம். ஊசிக்குத்துத் தாள் அக்கா விரலால் படிக்கப் பழகிய பிரெய்ல் எழுத்து. ஒரு முடிச்சு உப்பு, இரண்டு முடிச்சு சீனி.

நான் சிரிக்கப் பார்த்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"எனக்குக் கண்ணுதான்டா போச்சு. ஒனக்கு வாயுமா போச்சு? என்னைக் கேக்கவேண்டியதுதானே?"

"நீ சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னா என்ன பண்ணியிருப்ப? தூக்கிட்டுப் போயி ஒன் பின்னறையில ஒக்கார வெச்சு, வேளாவேளைக்குத் தண்ணி மோந்து குடுத்திருப்ப. கட்டிலு கூடப் போட்டு வெச்சிருக்கியாமே. நான் என்ன, வெச்சுக் கும்பிடுற சாமியாடா?"

மாஸ்டர் கடிகாரத்தைத் தடவினார். "தங்கச்சி, கடைசி பஸ்சுக்கு இன்னும் நேரம் கிடக்குது. திரும்பப் பேசுவமா?"

"பேசலாம் மாஸ்டர். ஆனா இந்தத் தடவ சும்மா தனியாப் பேசமாட்டேன். ஆத்துல விட்டவன் இருக்கானே, அவன் ஃபோன் பண்ணட்டும்."

இப்படித்தான் எனக்கு வாழ்க்கையில் முதல்முறையாக உருப்படியான வேடம் கிடைத்தது. பெட்டி நடுவில். அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் நான். சரக்கு வரவில்லை என்று கத்தும் சீன முதலாளியாக ஃபோன் செய்தேன். காதில் ஏதும் விழாத மலாய்ப் பாட்டியாகச் செய்தேன். மேனேஜர் பெயர் தெரியாமல் 'அந்த மீசைக்காரர்' வேண்டும் என்று அடம்பிடிக்கும் கங்காணியாகச் செய்தேன். அக்கா ஒவ்வொருவருக்கும் "செலாமாட் பெத்தாங்" என்று வணக்கம் சொல்லி, "துங்கு செபெந்தார்", கொஞ்சம் பொறுங்கள், என்று அமைதியாக இணைப்புக் கொடுத்தார். ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலத்தில். களை எடுக்கப் போன அக்காவுக்கு இந்த ஆங்கிலம் எப்போது வந்தது என்று எனக்கு அந்த நேரத்திலும் ஒரு சந்தேகம்.

கடைசியில் வேடம் தீர்ந்துபோய், என் மனதில் இருந்ததே வாயில் வந்துவிட்டது. "ஏம்மா, ஒங்களுக்குக் கண்ணு தெரியாதாமே. நீங்க எப்படி இந்த வேலைய பாப்பீங்க?"

அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஐயா, நீங்க என்னைப் பாக்கவா ஃபோன் பண்ணீங்க? யாருகிட்ட பேசணும், சொல்லுங்க. குடுக்கிறேன்."

மாஸ்டர் பெட்டியை நிறுத்தினார். கடைசி அழைப்பை அழித்துவிடலாமா என்று அக்கா கேட்டதற்கு, "அதைத் தொடாதேங்கோ" என்றார்.

அக்காவுக்கு இடம் கிடைத்தது. என் சந்தேகம் தீர்ந்ததா என்றால், எங்கே தீரும்! கோலாலம்பூர் விடுதிக்கு எதிர்க் கடையில் மீ கோரெங் என்னும் வறுத்த நூடுல்ஸ் தின்றபடி அரைநாள் காவல் இருந்தேன். வெள்ளைத் தடியோடு தோழிகளோடு சிரித்துக்கொண்டு வெளியே வந்த அக்கா, சாலையைக் கடந்து அதே கடைக்குள் நுழைந்து, எனக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்து தே தாரிக் தேநீர் குடித்துவிட்டுப் போனார். நான் மூச்சுவிடவில்லை. வேலையிலிருந்து நேரே வராததால் சட்டை வாடையும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

பயிற்சி முடிந்து மலாக்காவில் ஒரு தொழிற்சாலைத் தொலைபேசிப் பலகையில் அக்கா அமர்ந்தார். எரியும் விளக்கைத் தொட்டால் 'பீப்' என்று சொல்லும் ஒரு பேனாக் கருவி கொடுத்திருந்தார்கள். அதையும் நான் நம்பவில்லை. குரலை மாற்றி, பினாங்குத் தொழிலதிபர்போல ஃபோன் செய்தேன். "டேய், வேலை நேரத்துல என்னடா?" என்று இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

உடம்புக்கு வரும்வரை அக்கா அந்த நாற்காலியில் இருந்தார். காலையில் பஸ், மாலையில் பஸ், தம் வீடு, தம் சமையல். என் வீட்டுப் பின்னறைக் கட்டிலில் அக்கா ஒரு நாளும் படுக்கவில்லை. வந்தாலும் கூடத்தில் பாய் விரித்துப் பிள்ளைகளோடுதான் படுப்பார். சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் செயலிழந்தபோது, மருத்துவமனைக் கட்டிலுக்கு அந்தப் பெட்டியைக் கேட்டு வரவழைத்தார். பக்கத்துக் கட்டில் மலாய் அம்மா பொழுது போகவில்லை என்று புலம்ப, அவருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்து, தாதியிடம் திட்டு வாங்கினார். சில நாட்களில் எங்களை விட்டுப் பிரிந்தார்.

அக்காவை இருக்கையில் உட்காரவைத்து, இறங்குமிடத்தில் குரல் கொடுத்த ரெம்பியா பஸ் ஓட்டுநர்களுக்கும், தாமான் அண்டை வீட்டாருக்கும், இரவு பகல் பார்த்த மருத்துவர்கள் தாதியருக்கும், அக்காவுடன் வேலை செய்து கடைசி ஊர்வலத்தில் உடன் நடந்த தோழியருக்கும், ஈமக் கடன்களைத் தம் வீட்டுக் கடமைபோல் முன்நின்று செய்த தோட்டத்து உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றி உடையது. தவறான கணிப்பு சொன்னாலும் சுடுகாடு வரை தேவாரம் பாடி வந்த பூசாரி மாமாவுக்கும் நன்றி. மாஸ்டருக்கு நன்றியை நான் நேரிலேயே சொன்னேன். அதில்தான் என் கடைசிச் சந்தேகமும் வெளியே வந்தது.

அக்காவை எடுத்த அன்று, பந்தலின் ஓரத்தில் மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை வருடம் உள்ளே கிடந்ததைக் கேட்டேன். "மாஸ்டர், ரெம்பியாவுல கண்ணு தெரியாத ஒருத்தர் இருக்காங்கன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா? எங்க அக்காவ எப்படிக் கண்டுபிடிச்சு வந்தீங்க?"

"நானோ? நான் கண்டுபிடிக்கேல்லையே தம்பி." அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "ஒருநாள் மத்தியானம் எங்கட பார்வையற்றோர் சங்க அலுவலகக் கதவைத் தட்டினவா. ரெம்பியாவில இருந்து தனியா பஸ்ஸில வந்தவா. 'எனக்கு இன்னும் கொஞ்சம் தெரியுது, முழுசாப் போறதுக்குள்ள கத்துக்குடுங்க' எண்டு கேட்டவா. பாடம் கேக்கிற பெட்டியும் கேட்டவா. வீட்டில சொல்லிப்போட்டு வந்தனீங்களோ எண்டு கேட்டன். 'இல்ல, தம்பி பயந்துருவான்' எண்டவா."

எந்த வருடம் என்று கேட்டுக் கணக்குப் போட்டேன். அது எங்களில் ஒருவருக்கும் அக்காவின் கண்ணைப் பற்றித் தெரிவதற்கு முந்தைய வருடம். அக்காவை யாரும் தேடி வரவில்லை. அந்தப் பெட்டியை அக்காவே போய்க் கேட்டு வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்திருக்கிறார்.